சிம்பன்சியோடு 98.8% டி.என்.ஏ. ஒத்துப்போகிறது என்றால், மனிதன் கடவுளின் சாயல் என்று இன்னமும் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் முதலில் அந்த 98.8-ஐப் பிரித்துப் பார்த்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அங்கேதான்.

2005-இல் சிம்பன்சியின் மரபணுத்தொகுதி வெளியானது. மனிதனுடையதோடு வரிசைக்கு வரிசை பொருத்த முடிந்த பகுதிகளில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டதில் வேறுபாடு சுமார் 1.2%. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத துண்டுகள் இந்தக் கணக்கில் வராது. சேர்த்தால் அன்றைய கணக்கில் இன்னும் 3% போலக் கூடும். ஆக, எதை எண்ணுகிறோமோ அதற்கேற்ப எண் மாறும். உறவு மாறாது. அதற்குச் சதவீதத்தைவிட உறுதியான சாட்சி நம் 2-ஆம் குரோமோசோம். டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இந்தக் குரோமோசோம்கள் சிம்பன்சிக்கு 48, நமக்கு 46; காரணம், முன்னோரிடம் தனித்தனியாக இருந்த இரண்டு நம்மில் முனையோடு முனை ஒட்டிக்கொண்டன. வழக்கமாக குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர் தொடர்கள் இங்கே உட்புறத்தில் எதிரெதிராக முட்டி நிற்கின்றன. குரோமோசோமுக்கு ஒன்றே இருக்கவேண்டிய இணைப்புப் பகுதியான சென்ட்ரோமியர், இங்கே செயலிழந்த இரண்டாவது ஒன்றின் மிச்சமாகவும் கிடக்கிறது.

இதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் வழக்கமாக ஒரு தவறு செய்வார்கள்: "கருவி செய்வது மனிதன் மட்டும்தான், பேசுவது மனிதன் மட்டும்தான்" என்று ஏதாவது ஒரு திறமையில் வேலி கட்டுவார்கள். 1960-இல் தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகள் குச்சியை இலை உருவிச் சீர்செய்து கறையான் பிடிப்பதை விலங்கு ஆய்வாளர் ஜேன் குடால் பார்த்ததும் முதல் வேலி சாய்ந்தது. பேச்சோடு தொடர்புடைய ஃபாக்ஸ்பி2 மரபணுவில் நமக்கே உரியவை என்று கருதப்பட்ட இரண்டு மாற்றங்களும் அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலிடம் இருப்பது 2007-இல் தெரியவந்தது.

மனிதன் கடவுளின் சாயல் என்பது வரும் இடம் விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம். அதன் 1:26–28 சாயலைச் சொன்ன கையோடு திறமைப் பட்டியல் எதுவும் தருவதில்லை, பொறுப்பைத்தான் ஒப்படைக்கிறது. 2:7-இல் மனிதன் மண்ணிலிருந்து உருவாகிறான். 2:19-இல் விலங்குகளும் அதே மண்ணிலிருந்துதான். இறையியலில் சாயலை மூன்று விதமாக வாசிக்கிறார்கள்: பகுத்தறிவு, ஒப்படைக்கப்பட்ட பணி, கடவுளோடும் பிறரோடும் உள்ள உறவு. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் முதலாவதன் பக்கம், 20-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் கார்ல் பார்த் மூன்றாவதன் பக்கம். என் பார்வையில் முதலாவதுதான் பலவீனமானது. அறிவியலுக்காகச் சொல்லவில்லை. பகுத்தறிவுதான் சாயல் என்றால் பிறந்த குழந்தையும் மறதிநோய் முற்றிய முதியவரும் குறைந்த மனிதர்கள் ஆகிவிடுவார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் வரம்பு மீறல் உண்டு. "மனிதன் வெறும் ரசாயனம்" என்பதில் அந்த "வெறும்" எந்த ஆய்வகத்திலும் அளந்து வந்ததல்ல, அது தத்துவ நிலைப்பாடு.

நம்பிக்கைக்கு உண்மையான நெருக்கடி வேறிடத்தில் இருக்கிறது: ஆதாம்–ஏவாள். இன்றைய மனிதரிடம் உள்ள மரபணுப் பன்மையை வைத்துப் பார்த்தால், கடந்த 2 லட்சம் ஆண்டுகளில் நம் முன்னோர் தொகை இரண்டே பேராகச் சுருங்கியதற்கு இடமில்லை, ஆயிரக்கணக்கில்தான் இருந்திருக்கிறார்கள். 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதிய சுற்றுமடல், உடலின் பரிணாமத்தை ஆராயக் கதவைத் திறந்துவிட்டு, முதல் பெற்றோர் பலர் என்ற கருத்துக்கு மட்டும் அனுமதி தரவில்லை. அதன்பின் சில இறையியலாளர்கள் ஆதாமைக் கூட்டத்தின் பிரதிநிதியாகவும், சிலர் மனிதகுலத்தின் உருவகமாகவும் வாசிக்கிறார்கள். முதல் வாசிப்பில் அந்தக் கூட்டத்தின் மற்றவர்களுக்கு ஆன்மா இருந்ததா என்ற கேள்வி எழும். இரண்டாவதில், ஒருவனால் பாவம் வந்தது, ஒருவரால் மீட்பு வந்தது என்று ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் ஆதாமையும் கிறிஸ்துவையும் இணைவைத்துக் கட்டிய வாதத்தை எப்படிப் படிப்பது என்பது எழும். விவாதம் இன்று நிற்கும் இடம் அதுதான்.