பயாஸ் (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்ததும் மவுஸ், கீபோர்டு இரண்டுமே வேலை செய்யவில்லை. புதிது வாங்க வேண்டுமா?

வாங்காதீர்கள். என் சித்தப்பா அவசரப்பட்டு, ஏற்காட்டிலிருந்து ஆள் அனுப்பி சேலத்தில் இரண்டு கீபோர்டு வாங்கினார். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சேர்ந்த அந்த இரண்டும் அதே கம்ப்யூட்டரில் ஊமையாகத்தான் கிடந்தன.

அவர் அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறார். பழம் பறிக்கிற சீசன், விடிந்தால் சனிக்கிழமை சம்பளம், பட்டியல் முழுக்க ஒரு பழைய விண்டோஸ் 7 பெட்டிக்குள். எஸ்எஸ்டி டிஸ்க் மாட்ட வந்தவர் கையோடு பயாஸையும் அப்டேட் செய்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். "கண்ணு, எலியும் செத்துப்போச்சு, கீபோர்டும் செத்துப்போச்சு" என்று எனக்குப் போன்.

எந்த இடத்தில் சாகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் டெலீட் பட்டனை விடாமல் தட்டச் சொன்னேன் (சில போர்டுகளில் எஃப்2). பயாஸ் திரை வந்தது. அம்புக்குறி பட்டனுக்கு நகரவும் செய்தது. அப்படியானால் கீபோர்டிலும் போர்ட்டிலும் கோளாறு இல்லை. விண்டோஸ் ஏறிய பிறகுதான் உயிர் போகிறது.

பயாஸை மாற்றினால் பெரும்பாலும் பழைய செட்டிங் எல்லாம் அழிந்து டிஃபால்ட்டுக்குப் போய்விடும். 2009-ல் வந்த விண்டோஸ் 7-க்கு யூஎஸ்பி 3.0 டிரைவர் கூடவே வராது. அதனால் முன்பு யாரோ 'எக்ஸ்எச்சிஐ மோட்' (யூஎஸ்பி 3.0-ஐ இயக்கும் செட்டிங்) என்பதை அணைத்து வைத்திருந்தார்கள். அப்டேட் அதைத் திரும்ப எழுப்பிவிட்டது. மெனுவில் உள்ளதைச் சித்தப்பா எழுத்துக் கூட்டிப் படிக்க, நான் இங்கே எழுதிப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் முக்கால் மணி நேரம். 'டிஸேபிள்ட்' வைத்து எஃப்10 அடித்துச் சேமித்ததும், "எலி ஓடுது கண்ணு!" (2015-ல் வந்த இன்டெல் 100 சீரிஸ் சிப்செட் முதல் பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலரே கிடையாது, அங்கே இந்த வழி செல்லாது.)

உங்களுடையது விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் இந்தக் காரணம் பொருந்தாது. பயாஸ் திரைக்கே போக முடியவில்லையா? 'ஃபாஸ்ட் பூட்' யூஎஸ்பியைப் பார்க்காமல் தாண்டிப் போகிறது, அல்லது 'லெகசி யூஎஸ்பி சப்போர்ட்' (விண்டோஸ் ஏறும் முன்பே யூஎஸ்பி கீபோர்டை வேலை செய்ய வைப்பது) அணைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். கரண்ட் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, ஹப் எதுவும் இல்லாமல் பின்பக்கக் கறுப்பு போர்ட்டில் செருகிப் பாருங்கள். வட்டமான பிஎஸ்/2 துளை இருந்தால் இன்னும் நல்லது. அதில் செருகும் பழைய கீபோர்டு ஒன்றைக் கடன் வாங்குங்கள். ஆனால் மெஷினை அணைத்த பிறகுதான் செருக வேண்டும்.

டெஸ்க்டாப்பில் கடைசி வழி, வயரைப் பிடுங்கிவிட்டு போர்டில் உள்ள சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைப்பது. பயாஸ் செட்டிங் டிஃபால்ட்டுக்குப் போகும், தேதியும் பின்னால் போய்விடும், ஜிஎஸ்டி பில் போடுகிறவர்கள் உடனே திருத்திவிடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், 48 இலக்க ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

போர்டின் மாடலையும், எது விண்டோஸ் என்பதையும் எழுதுங்கள். மெனுவில் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.