24 வயதில் நின்றுபோன காது

கேள்வி: எனக்கு 58 வயது. இளையராஜாவின் எண்பதுகளோடு சினிமாப் பாட்டு முடிந்துவிட்டது, இப்போது வருவதெல்லாம் இரைச்சல் என்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகன் சிரிக்கிறான். நான் சொல்வது சரிதானே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அவன் சிரிக்கட்டும், நானும் கொஞ்சம் சிரித்துக்கொள்கிறேன். 1989ல் ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்று இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், பல வயதுக்காரர்களுக்கு வெவ்வேறு வருடத்துப் பாட்டுகளைப் போட்டு மதிப்பெண் கேட்டார்கள். ஏறக்குறைய 24 வயதில் இருந்தபோது வந்த பாட்டுக்குத்தான் அதிக மார்க் விழுந்தது. உங்கள் வயதைக் கழித்துப் பாருங்கள், எண்பதுகளைத் தாண்டி, நேராகத் தொண்ணூறுகளின் வாசலில் போய் நிற்கும். ராஜாவின் மேதைமை வேறு விஷயம், அதில் சண்டையே இல்லை. ஆனால் 'அன்னக்கிளி' வந்த 1976ல் விஸ்வநாதன்–ராமமூர்த்தியில் ஊறிய பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், 1992ல் 'ரோஜா' வந்ததும் 'கம்ப்யூட்டர் மியூசிக்' என்று முகம் சுளித்தது உங்கள் செட்டுதான்.

இன்னும் பின்னால் போனால் கதை சுவாரசியம். 1952ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டென்றாலே மட்டம், அகில இந்திய வானொலியில் அது அநேகமாகக் காணாமலே போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோன் கேட்டார்கள், வேறு வழியில்லாமல் 1957ல் விவிதபாரதி வந்தது. அன்று அரசாங்கமே மட்டம் என்று ஒதுக்கிய அதே காலத்துப் பாட்டுகளைத்தான் இன்று டிவியில் 'காலத்தால் அழியாதவை' என்று போடுகிறார்கள்.

அப்புறம் கேசட். ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு நாலு நாள் கழித்துப் போய் வாங்குவோமே, 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு அரை மணி, அதனால் கடைசிப் பாட்டு பாதிச் சரணத்தில் 'டக்'கென்று அறுந்துவிடும். இன்றைக்கும் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டால் எனக்கு அந்த இடத்தில் ஏதோ கூடுதலாக ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கிறது. காசு கொடுத்ததாயிற்றே என்று சுமாரான பாட்டையும் தேயத் தேயக் கேட்டோம், கேட்டுக் கேட்டே அதுவும் பிடித்துப்போனது. புதுப் பாட்டுக்கு நீங்கள் கொடுப்பது என்ன? டீக்கடையில் நிற்கும் நேரம் ஒரு பல்லவி. அன்றைய குப்பைகளை மறந்துவிட்டு இன்றைய குப்பையை மட்டும் எண்ணினால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

ஒன்றில் உங்கள் கட்சிதான் நான். இப்போது பல பாட்டில் வரிகள் வாத்தியத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன, அது நம் வயசுக் கோளாறு இல்லை, ஒலிக்கலவை செய்பவர் கோளாறு.

சரி, மகனிடம் அவனுக்குப் பிடித்த நாலு பாட்டைக் கேட்டு வாங்கி, ஒரு மாதம் தினமும் கேளுங்கள். அதற்கப்புறமும் இரைச்சல் என்றால் பாட்டின் பெயரோடு திட்டி எழுதுங்கள், ஒரு வரி வெட்டாமல் போடுகிறேன்.