தெளித்த தாமிரம் மண்ணில் என்ன ஆகும்? தொழு உரம் போட்டால் குறையுமா?

காரைக்குடிப் பக்கம் எலுமிச்சைக்கு வருஷா வருஷம் போர்டோ கலவை (பூஞ்சைநோய்க்கு அடிக்கும் மயில்துத்த–சுண்ணாம்புக் கலவை) அடிப்பதாகச் சொல்லி, இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். தொழு உரம் போட்டால் தாமிரம் குறையாது, ஆனால் கட்டுப்படும். 1 கிலோ மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) சுமார் 250 கிராம் தாமிரம் இருக்கிறது. அது சிதைந்து மறைகிற பொருள் இல்லை.

செப்புக் குடத்தைப் புளி போட்டு விளக்கியிருப்பீர்களே? கறுத்த படலம் கரைந்து குடம் பளிச்சென்று ஆகும். புளியிலுள்ள அமிலம் கரைப்பதோடு, கரைந்த தாமிரத்தைப் பிடித்தும் வைக்கிறது. அப்படிப் பிடிப்பவை அந்த அமிலத்திலுள்ள கார்பாக்சில் என்னும் அணுத் தொகுதிகள். தொழு உரம் தரும் மக்கிலும் (மட்கிய கரிமப் பொருள்) அதே தொகுதிகள் உண்டு, கூடவே பீனால் என்னும் தொகுதிகளும். இரண்டு பக்கமும் கவ்வும் இந்தப் பிடிக்குக் ‘கீலேட்’ என்று பெயர். நண்டுக் கொடுக்கு என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. துத்தநாகத்தைவிடத் தாமிரத்தை இது இறுக்கமாகப் பிடிக்கும். பல மண்களில் நீரில் கரைந்த தாமிரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படிக் கட்டுண்டே இருக்கும். வேரையும் நுண்ணுயிரையும் பெரும்பாலும் தாக்குவது மிச்சமுள்ள, எதிலும் கட்டுப்படாத தனித் தாமிர அயனிதான் (மின்னூட்டம் கொண்ட அணு).

நம் செம்மண்ணில் மக்கு குறைவு என்பதுதான் என் கவலை. மண் புளித்திருந்தால் ஹைட்ரஜன் அயனிகள் மக்கில் தாமிரம் ஒட்டும் இடங்களைப் பிடித்துக்கொள்ளும், தாமிரம் விடுபடும். அதனால் மண்ணின் பிஎச் (புளிப்பு, காரத் தன்மையின் அளவு) பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் சுண்ணாம்பும் இடுங்கள்.

அப்புறம் ஒன்று: உரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணத்திலிருந்து கரையும் பழுப்பு நீர் தாமிரத்தைக் கட்டிக்கொண்டு கீழேயும் இறங்கக்கூடும். கிணறு பக்கத்தில் இருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.