எக்ஸ் குரோமோசோமில் வேறுபாடு குறைந்தால் இயற்கைத் தேர்வுதான் காரணமா?

கேள்வி: ஆப்பிரிக்காவுக்கு வெளியே ஓரிடத்தில் பிடித்த டிரோசோபிலா மெலனோகாஸ்டர் பழ ஈக்களில், ஆண், பெண் இரண்டின் டிஎன்ஏ வரிசையையும் படித்தேன். எக்ஸ் குரோமோசோமின் மரபணு வேறுபாடு ஆட்டோசோம்களில் (பால் குரோமோசோம் அல்லாதவற்றில்) உள்ளதைப் போல 0.6 மடங்குதான் வருகிறது. இதை இயற்கைத் தேர்வின் விளைவு என ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஆண் ஈக்கு எக்ஸ் ஒன்றே என்பதால், 20 ஆணும் 20 பெண்ணும் சேர்ந்த மாதிரியில் ஆட்டோசோம் பிரதிகள் 80, எக்ஸ் பிரதிகள் 60. ஆணின் எக்ஸையும் இரட்டையாகக் கொள்ளும் மென்பொருள் ஒரே பிரதியை அதனுடனேயே ஒப்பிடுவதால் வேறுபாடு குறைவாகத் தெரியும். மாதிரி சிறிதானால் இந்தப் பிழை பெரிதாகும். ஆணின் எக்ஸில் வாசிப்பு ஆழமும் (ஓர் இடம் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதும்) பாதிதான் என்பதால், எல்லாக் குரோமோசோம்களுக்கும் ஒரே வடிகட்டலை வைத்தால் எக்ஸ் தரவு அளவுக்கு மீறிக் கழிந்துபோகும். ஆணின் எக்ஸில் எங்கேனும் இரு வேறு அல்லீல்கள் (ஒரே இடத்தின் மாற்று வடிவங்கள்) தெரிந்தால் அது பெரும்பாலும் பிழையே. எக்ஸில் உள்ள ஸ்டெல்லேட் மரபணுக்களை ஒத்த வரிசைகள் ஒய் குரோமோசோமிலும் இருப்பதால், அங்கே வாசிப்புகள் இடம் மாறிப் பொருந்துவது எளிது.

இவற்றைச் சரிசெய்த பிறகும் 0.6 நிலைத்தால், அதை 0.75 உடன் (ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தால் ஆட்டோசோம் பிரதிகள் நான்கு, எக்ஸ் பிரதிகள் மூன்று) மட்டும் ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள். அந்த எண், இனப்பெருக்கத்தில் ஆணும் பெண்ணும் சம அளவில் பங்கேற்கும் நிலையான தொகைக்கு (ஓரிடத்தில் வாழும் ஈக்களின் கூட்டத்துக்கு) உரியது. சில ஆண்களே பெரும்பாலான சந்ததிகளுக்குத் தந்தையானால் விகிதம் 0.75க்கு மேலேதான் போகும். ஆகவே உங்கள் குறைவை அது விளக்காது. என் ஐயம் முதலில் தொகையின் வரலாற்றின் மீதே விழும். இந்த இனத்தின் தாயகம் ஆப்பிரிக்கா. அங்குள்ள தொகைகளில் எக்ஸும் ஆட்டோசோம்களும் ஏறக்குறைய ஒரே அளவு வேறுபாட்டைக் காட்டுகின்றன, வெளியே பரவியவற்றிலோ எக்ஸ் தெளிவாகப் பின்தங்குகிறது. தொகை திடீரெனச் சுருங்கும்போது, பிரதிகள் குறைவான எக்ஸ் கூடுதலாக இழப்பது இயல்பு. அதே சமயம், ஒடுங்கிய (பெண்ணில் இரு பிரதிகளிலும் இருந்தால் மட்டுமே வெளிப்படும்) அல்லீலும் ஆணில் மறைவின்றி வெளிப்படுவதால் எக்ஸில் தேர்வு வேகமாகச் செயல்படவும் கூடும்.

இரண்டையும் பிரித்தறிய ஒட்டுமொத்தச் சராசரி உதவாது. குரோமோசோம் நெடுகச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள்: சுருக்கம் எங்கும் பரவலாகப் பாதிக்கும், அண்மைக் காலத் தேர்வு குறிப்பிட்ட இடங்களில் ஆழமான பள்ளங்களை விட்டுச்செல்லும். ஆண் பழ ஈயில் குறுக்கேற்றம் (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது) நிகழாததால், பெண்ணில் அளந்த குறுக்கேற்ற வீதத்தை எக்ஸுக்கு மூன்றில் இரண்டாலும் ஆட்டோசோமுக்கு இரண்டில் ஒன்றாலும் பெருக்கி, ஒத்த வீதமுள்ள பகுதிகளையே ஒப்பிடுங்கள். குறுக்கேற்றம் மிகக் குறைந்த நான்காம் குரோமோசோமை விட்டுவிடலாம். இயன்றால் நெருங்கிய உறவினமான டிரோசோபிலா சிமுலன்ஸிலிருந்து விலகிய அளவால் வகுத்து, திடீர்மாற்ற வீத வேற்றுமையையும் நீக்குங்கள். இத்தனைக்குப் பிறகும் சுருக்கத்தை மட்டும் கொண்ட மாதிரிக் கணிப்பு உங்கள் பள்ளங்களை உருவாக்கவில்லையென்றால், தேர்வைப் பற்றி, அந்தப் பகுதிகளின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள்.