கேள்வி–பதில்: நல்ல நாளும் நம்பர் பிளேட்டும்

கேள்வி: நல்ல நாள் பார்த்து ஷோரூமில் பைக் எடுத்தேன். "பிளேட் ஒரு வாரத்தில் வந்துவிடும், அதுவரை ஓட்டுங்கள்" என்றார்கள். ஆறாம் நாள் ரயில் நிலைய வாசலில் நிறுத்தியிருந்ததை டோயிங் வண்டி தூக்கிப் போய்விட்டது. செலவு யார் தலையில்? (மீதி இரண்டு பக்கமும் ஷோரூமுக்கு விழுந்த திட்டு, வெட்டிவிட்டேன்.)
— கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: டோயிங் செலவு உங்கள் தலையில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவுப்படி, நோ பார்க்கிங்கில் நிற்கிற வண்டியையும், பொது இடத்தில் 10 மணி நேரம் கேட்பாரற்றுக் கிடக்கிற வண்டியையும் இழுத்துப் போகலாம், சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். சீருடையில் இருக்கிற போலீஸ் அதிகாரி அனுமதித்தால் போதும். இழுத்த கூலி வண்டிக்காரருடையது.

பிளேட் கதை வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, டீலர் இருக்கிற மாநிலத்திலேயே பதிவாகும் புது வண்டியைப் பதிவெண் பொருத்தாமல் டெலிவரி கொடுக்கவே கூடாது. பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டியதும் டீலர்தான். ஆனால் பதிவில்லாத வண்டியோடு மாட்டினால் 5,000 ரூபாய் வரை அபராதம் கட்டப் போவது ஓட்டுகிற நீங்கள். அந்த "ஒரு வாரத்தில் வரும்" என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கினீர்களா?

எனக்கு எரிச்சலே இங்கேதான். மாலை, அட்டையில் செய்த பெரிய சாவி, போட்டோ, ஸ்வீட் பாக்ஸ் என்று எல்லாம் உண்டு. சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம்கூட மறக்காமல் வாங்கி வருகிறார்கள். வண்டியின் பின்னால் பிளேட் இருக்கவேண்டிய இடம் காலியாக இருப்பது மட்டும் ஒருவர் கண்ணிலும் படாது. நல்ல நாள் வேண்டுமென்றால் பத்து நாள் முன்னாலேயே பணம் கட்டிப் பதிவை முடித்துவிட்டு, அன்றைக்குப் போய் வண்டியை எடுங்கள். நாள் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அதை வைத்து அவசரப்படுத்துகிறவரைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: கேமரா அபராதத்துக்குப் பயந்து, நடைபாதையில் நிறுத்தும்போது பிளேட்டைக் கழற்றி வைக்கிறேன். இது நல்ல வழிதானே?

பதில்: இல்லை. ஸ்க்ரூவை மாட்டுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்றவன். புரோக்கர் ஒருவரிடம் 18,000 ரூபாய்க்குப் பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். பிளேட் உடைந்துவிட்டது, ஆர்.சி. தொலைந்துவிட்டது, எல்லாம் வாங்கித் தருகிறேன் என்றார். தெருவில் நின்ற வண்டியைத் தூக்கிவிட்டார்கள். ஆர்.சி. இல்லாமல் தர மாட்டேன் என்கிறார்கள். புரோக்கர் போனை எடுப்பதில்லை.

பதில்: ஐயா, உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் இப்படி ஒரு மொபெட் வாங்கினேன். வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர் இருக்கிற இடத்தில் மட்டும் பெயின்ட் பளபளவென்று இருந்தது. 'அடடா, எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்' என்று நினைத்தேன். பெயர் மாற்றப் போனபோது, அங்கே தாளை வைத்து பென்சிலால் தேய்த்தார்கள். நம்பருக்குப் பதிலாக அரம் போட்ட கோடுகள்தான் விழுந்தன. வண்டியும் போச்சு, பணமும் போச்சு.

பணம் கொடுத்த ஜிபே ஆதாரம், புரோக்கர் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அது திருட்டு வண்டியாக இருந்தால், ஏமாந்தவர் நீங்கள் என்பதற்கு அந்தப் புகார்தான் சாட்சி. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, உங்கள் மாவட்டத்திலேயே போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து வழி கேளுங்கள். டூப்ளிகேட் ஆர்.சி. ஏற்பாடு செய்கிறேன் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: தெருவோரக் கடையில் பார்க்க அச்சு அசலாக அரசாங்க பிளேட் மாதிரியே செய்து தருகிறார்கள். விலையும் குறைவு. வாங்கலாமா?

பதில்: அசல் பிளேட்டில் லேசரால் பொறித்த தனி எண் ஒன்று உண்டு. கடைக்காரர் அதற்கு என்ன போடுவார், அவர் போன் நம்பரையா?

கேள்வி: மூன்று வருடம் முன்பு விற்ற வண்டிக்கு இன்னும் என் பெயரில் அபராத நோட்டீஸ் வருகிறது. வாங்கியவர் நல்ல மனிதர் என்று பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பதில்: நல்ல மனிதர் நோ பார்க்கிங்கில் நிறுத்த மாட்டார் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. விபத்து நடந்தால்கூட நஷ்டஈட்டுக்குப் பதிவேட்டில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அபராதத்தோடு போகிறதே என்று சந்தோஷப்படுங்கள். நாளைக்கே அவரையும் கூட்டிக்கொண்டு பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள்.