40% காட்டும் சோலார் பேட்டரி திடீரென அணைவது ஏன்?

40% இருப்பு காட்டும்போதே இரவில் அணைந்துவிடுகிறது, ஆரோக்கியம் 82% என்கிறது, பேட்டரி கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் தவறுவது கணக்குதான்.

இவ்வகைப் பேட்டரியில் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லின் மின்னழுத்தம் ஏறக்குறைய 20 முதல் 90 சதவீதம் வரை 3.2–3.3 வோல்ட்டிலேயே நிற்கும். அதைப் பார்த்து இருப்பைச் சொல்ல முடியாது. ஆகவே பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுச் சுற்று) வந்த மின்னோட்டத்தையும் போனதையும் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது. நுண்ணிய பிழைகள் நாள்தோறும் சேரும்; முழுதாக நிரம்பும்போதுதான் கணக்கு 100-க்குத் திருந்தும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிரம்பாத பேட்டரி இப்படித்தான் பொய் சொல்லும். ஆரோக்கிய எண்ணும் பெரும்பாலும் இதே கணக்கிலிருந்து வருவதால், அதை இப்போது நம்ப வேண்டாம்.

மின்வாரிய மின்சாரத்தைக் கொண்டாவது ஒரு முறை முழுதாக நிரப்புங்கள். 100% காட்டியதும் நிறுத்திவிடாமல், மின்னோட்டம் நன்றாகக் குறையும் வரை விட்டுவையுங்கள். செல்கள் சமன்பட அந்த நேரம் வேண்டும். பலர் தவறவிடுவது ஒன்று: இன்வெர்ட்டரில் ஈய அமில பேட்டரி வகை தேர்வாகியிருந்தாலோ பேட்டரியுடன் இணைக்கும் தகவல் கேபிள் கழன்றிருந்தாலோ, இன்வெர்ட்டர் மின்னழுத்தத்தை வைத்து ஊகித்த எண்ணையே காட்டும்.

பிறகும் அணைந்தால், அந்த நேரத்தில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் பாருங்கள். ஒரு செல் மட்டும் முந்திச் சரிந்தால் பழுது உண்மையானது, உத்தரவாதத்தைக் கோருங்கள்.