செல்போன் இல்லாத காலத்து உளவாளி நாவல்ல அப்படி என்ன இருக்கு?

எல்லார் கையிலயும் செல்போன், தெருவுக்குத் தெரு சிசிடிவின்னு ஆனப்புறம் 1960, 70கள்ல எழுதின ஸ்பை த்ரில்லரை எல்லாம் எதுக்குய்யா இன்னும் படிக்கிறீங்கன்னு கேட்டிருக்கீங்க. என் பதில் கொஞ்சம் கோக்குமாக்கா இருக்கும், பரவால்லயா?

நான் ஆடிட் வேலைல இருக்கேன். 20 வருஷமா ஊர் ஊரா போய் அடுத்தவங்க லெட்ஜரைப் புரட்டுறதுதான் பொழப்பு. ஒரு தடவை ஒரு கோடவுன்ல ஸ்டாக் ரெஜிஸ்டர் பாத்துட்டிருந்தேன், எல்லாம் சுத்தம், டோட்டல் டாலி ஆகுது, கையெழுத்து போட வேண்டிய இடத்துல எல்லாம் கையெழுத்து இருக்கு, ஆனாலும் என்னமோ உறுத்துது. அப்புறம்தான் கவனிச்சேன், ஏப்ரல்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் ஒரே பேனா, ஒரே இங்க், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, ஒரு டீ கறை கூட கிடையாது. தினம் எழுதுற ரெஜிஸ்டர் அவ்ளோ அழகா இருக்கவே இருக்காது சார். நாங்க வர்றோம்னு தெரிஞ்சு மொத்தமா உக்காந்து எழுதினது. அந்த நிமிஷம் முதுகுத்தண்டுல ஜில்லுன்னு ஒண்ணு ஓடுச்சு பாருங்க, அதே ஜில் எனக்கு அடுத்து கிடைச்சது பிளாட்பாரக் கடைல 30 ரூபாய்க்கு வாங்கின ஒரு பழைய நாவல்லதான்.

ஜான் லெ காரே எழுதின 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்', 1963ல வந்தது. பெர்லின் சுவர், சோதனைச்சாவடி, சைக்கிள்ல தப்பிச்சு வர்ற ஆளு இதெல்லாம்தான் எல்லாரும் சொல்வாங்க. எனக்குப் பிடிச்ச இடம் வேற. லீமஸ்னு ஒரு பிரிட்டிஷ் உளவாளி, வேலைல தோத்துட்டான்னு அவனை ஓரங்கட்டி பேங்கிங் செக்‌ஷன்ல தூக்கிப் போடுறாங்க, அதாவது வெளிநாட்டுல இருக்கிற உளவாளிகளுக்குச் சம்பளம் பட்டுவாடா பண்ற செக்‌ஷன். நம்ம அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்டேதான்! அங்க இருந்தப்போ கோபன்ஹேகன்லயும் ஹெல்சின்கிலயும் பொய்ப் பேர்ல கணக்கு தொறந்து பணம் போட்டு வந்தேன், யாருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு பின்னாடி எதிரி ஆளுங்ககிட்ட விசாரணைல சொல்றான். கிழக்கு ஜெர்மனிக்காரன் என்ன பண்றான் தெரியுமா? அடிக்கல, உதைக்கல. லீமஸ்கிட்ட பேங்குக்கு ஒரு லெட்டர்ல கையெழுத்து வாங்குறான், ஸ்டேட்மெண்ட் அனுப்புங்கன்னு. பணம் எடுத்த தேதியையும் தன்னோட ஆபீஸ் பெரிய தலை ஒருத்தர் அந்தந்த ஊர்ல இருந்த தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்குறான்.

பேங்க் ரிகன்சிலியேஷன் சார் அது, பேங்க் கணக்கையும் நம்ம கையில இருக்கிற கணக்கையும் ஒத்துப் பாக்குற வேலை! ஒரு மனுஷனோட கழுத்துக்குக் கயிறு ஒரு பேங்க் ஸ்டேட்மெண்ட்ல தொங்குது. நான் வாழ்க்கைல நூறு தடவை பண்ணின வேலை, ராத்திரி 2 மணிக்கு அதைப் படிச்சுட்டு தூக்கம் வராம உக்காந்திருந்தேன். அந்த ஸ்டேட்மெண்ட்டை நம்பலாமா, யார் யாரை நம்ப வைக்கிறாங்கங்கிறதுதான் மிச்சக் கதை, அதைச் சொன்னா நீங்க என்னை மன்னிக்கவே மாட்டீங்க.

இவர் சும்மா ரூம்ல உக்காந்து கற்பனை பண்ணினவரும் இல்ல. நிஜப் பேர் டேவிட் கார்ன்வெல், எழுதினப்போ பிரிட்டிஷ் உளவுத்துறைல சர்வீஸ்ல இருந்தார், மேற்கு ஜெர்மனி பான் நகர தூதரகத்துல. சொந்தப் பேர்ல நாவல் போட முடியாதுன்னுதான் புனைபெயர். அதனால அந்த ஆபீஸ் அரசியல், சீட்டுக்கு அடிச்சுக்கிறது, பென்ஷன் கவலை எல்லாம் அச்சு அசலா இருக்கும். ஜேம்ஸ் பாண்டும் படிச்சிருக்கேன், ஜாலியா போகும், ஆனா அந்த மனுஷன் ஒரு பயணப்படி பில் கூட போட்டு நான் பாத்ததில்ல.

சரி, செல்போன் விஷயத்துக்கு வர்றேன். ஃப்ரெடரிக் ஃபோர்சித்தோட 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' 1971ல வந்தது. பிரெஞ்சு அதிபர் டி கால்-ஐ சுடக் கிளம்புற ஒரு வாடகைக் கொலைகாரன். டி கால் சுட்டுக் கொல்லப்படலங்கிறது ஊருக்கே தெரியும், 1970ல வீட்டுலதான் செத்தார். முடிவு முன்கூட்டியே தெரிஞ்ச கதையை எவன் வாங்குவான்னு பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிட்டாங்களாம், கேட்டா நியாயமாத்தான் படுது, ஆனா படிச்சா நகம் கடிக்காம இருக்க முடியாது. காரணம், நடுவுல ஓடுற நேரம். ஹோட்டல்ல தங்குறவன் ஒரு கார்டு எழுதித் தரணும், அந்தக் கார்டு போலீஸ் கைக்குப் போகணும், யாராவது உக்காந்து அதுல பேரைத் தேடணும், அப்புறம் அந்த ஊருக்கு போன் போடணும். அதுக்குள்ள அவன் ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிருப்பான். இன்னைக்கு இது ரெண்டு செகண்ட் வேலை, கம்ப்யூட்டர்ல பேரைத் தட்டினா முடிஞ்சது, கதையும் முடிஞ்சது. தகவல் ஒரு மேஜைல இருந்து இன்னொரு மேஜைக்கு நடந்து போற அந்த அரை நாள்தான் சார் த்ரில்லே.

அதுலயே இன்னொண்ணு, அவன் பாஸ்போர்ட் வாங்குற விதம். கல்லறைத் தோட்டத்துல சுத்தி, தான் பொறந்த சமயத்துலயே பொறந்து குழந்தையிலயே செத்துப்போன ஒருத்தன் பேரைக் கண்டுபிடிச்சு, அவனோட பர்த் சர்டிஃபிகேட் நகல் வாங்கி, அதை வெச்சு அப்ளை பண்றான். அந்தக் காலத்துல பிறப்பு ரெஜிஸ்டரையும் இறப்பு ரெஜிஸ்டரையும் யாரும் ஒத்துப் பாத்ததில்ல, அவ்ளோதான் ஓட்டை. இதைப் படிச்சதும் புத்தகத்தை மூடிட்டு எங்க ஆபீஸ்ல எந்த ரெண்டு ரெஜிஸ்டரை இதுவரை ஒத்துப் பாக்கலன்னு யோசிச்சேன். (ரெண்டு ஜோடி கிடைச்சுது, அது வேற கதை.)

சீரியஸா வேண்டாம், சிரிக்கணும்னா கிரஹாம் கிரீனோட 'அவர் மேன் இன் ஹவானா', 1958. கியூபால வேக்குவம் கிளீனர் கடை வெச்சிருக்கிற ஒருத்தரை பிரிட்டிஷ்காரங்க உளவாளியாச் சேத்துக்கறாங்க. அவருக்கு உளவும் தெரியாது ஒண்ணும் தெரியாது, பொண்ணு செலவாளி, காசு வேணும். கிளப் மெம்பர் லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்து இவங்கல்லாம் என் ஏஜெண்ட்னு சம்பளம் க்ளைம் பண்றார், வேக்குவம் கிளீனர் பார்ட்ஸை வரைஞ்சு மலைக்குள்ள பயங்கர ஆயுதம் கட்டுறாங்கன்னு அனுப்புறார், லண்டன்ல ஆடிப் போயிடறாங்க. ஒரு ஆளாவது ஃபிசிகல் வெரிஃபிகேஷன், அதாவது நேர்ல போய் சரிபாக்க, போயிருந்தா கதை 50 பக்கத்துல முடிஞ்சிருக்கும்!

கதைதானேன்னு நினைக்காதீங்க. இரண்டாம் உலகப் போர்ல நிஜமாவே கார்போன்னு ரகசியப் பேர்ல ஒரு ஸ்பானியர் இருந்தார். ஆரம்பத்துல லிஸ்பன்ல உக்காந்துகிட்டே இங்கிலாந்துல இருக்கேன்னு ஜெர்மன்காரங்களுக்கு ரிப்போர்ட் எழுதினார், கைடு புக்கைப் பாத்து. பின்னாடி பிரிட்டிஷ்காரங்களோட சேந்து 27 கற்பனை ஏஜெண்டுகளை வளத்தார். லிஸ்பன் நாட்கள்ல அவர் அனுப்பின டிராவல் பில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்தக் காலத்துல 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, இவருக்கு அதைக் கூட்டத் தெரியாது. அதனால அயிட்டம் அயிட்டமா எழுதிட்டு டோட்டல் அப்புறம் அனுப்பறேன்னு விட்டுட்டார். லண்டன்ல இருக்கேங்கிறவனுக்கு லண்டன் காசு கூட்டத் தெரியலையேன்னு அந்தப் பக்கம் யாருக்கும் தோணல. கடைசில ஜெர்மன் பதக்கமும் வாங்கினார், பிரிட்டிஷ் பதக்கமும் வாங்கினார்.

கஷ்டமும் இருக்கு, மறைக்கல. லெ காரேயோட 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1974) முதல் 80 பக்கம் எனக்கு ஒண்ணும் புரியல, யார் எவன்னு பஸ் டிக்கெட் பின்னாடி பேர் எழுதி வெச்சுப் படிச்சேன். ஆனா ஸ்மைலிங்கிற அந்தக் குண்டு மனுஷன் சின்ன ஹோட்டல் ரூம்ல பழைய ஃபைலா வாங்கிப் படிச்சே பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கிற துரோகியை நெருங்குவார், அதுக்காகப் பொறுத்துக்கலாம். புதுசா ஆரம்பிக்கிறீங்கன்னா ஜாக்கல் முதல்ல, அப்புறம் ஹவானா, அப்புறம்தான் லெ காரே. படம் பாத்துட்டேன் போதும்னு சொல்லாதீங்க, அந்த பேங்க் லெட்டர் சமாச்சாரத்தைப் பொறுமையா புத்தகத்துலதான் படிக்கணும்.